மாதிரி ரயில் நிலக்காட்சிக்கான பொருட்கள்: எதை, எந்த வரிசையில், ஏன் வாங்குவது

புல் பாக்கெட்டைப் பார்த்தவுடன் வாங்கிவிடுவதுதான் புதிதாகத் தொடங்குபவர்கள் செய்யும் முதல் தவறு. புல் கடைசியில் வரும் வேலை. அதற்கு அடியில் மண், மண்ணுக்கு அடியில் வண்ணம், அதற்கும் அடியில் பிளாஸ்டர், எல்லாவற்றுக்கும் அடியில் ஃபோம். ஒவ்வொரு அடுக்கும் கீழே இருப்பதோடு ஒட்ட வேண்டும், மேலே வரப்போகும் ஈரத்தையும் பசையையும் தாங்க வேண்டும். அதனால் எந்தப் பொருளையும் தனியாகப் பார்த்து நல்லது, கெட்டது என்று சொல்ல முடியாது. எதன் மேல், எந்தப் பசையோடு, எந்த ஸ்கேலில் என்ற மூன்று கேள்விக்கும் விடை தெரிந்த பிறகே வாங்குங்கள்.

1. ஸ்கேலை மில்லிமீட்டராக மாற்றி எழுதி வையுங்கள்

ஸ்கேல் என்பது மாதிரிக்கும் நிஜத்துக்கும் உள்ள விகிதம். எச்ஓ ஸ்கேல் 1:87, அதாவது நிஜத்தில் 87 மி.மீ. இருப்பது மாதிரியில் 1 மி.மீ. ஓஓ ஏறத்தாழ 1:76. 'என்' ஸ்கேல் பெரும்பாலும் 1:160. உங்களுடையது எது என்று பார்த்து, அடிக்கடி தேவைப்படும் அளவுகளை ஒரு அட்டையில் எழுதிக் கையோடு வைத்துக்கொள்ளுங்கள்.

நிஜத்தில் 50 மி.மீ. இருக்கும் ஜல்லிக்கல் 1:87-ல் 0.57 மி.மீ. மட்டுமே, 1:160-ல் 0.31 மி.மீ. பதினைந்து மீட்டர் மரம் 1:87-ல் 17 செ.மீ., 1:160-ல் 9 செ.மீ.க்குக் கொஞ்சம் அதிகம். முழங்கால் உயரப் புல்லை 50 செ.மீ. என்று வைத்தால் முறையே 6 மி.மீ., 3 மி.மீ.

இந்தக் கணக்கு இல்லாமல் வாங்கினால் ஜல்லி பாறாங்கல் ஆகிவிடும், மரம் செடி ஆகிவிடும். கண் ஏமாறுவதும் எப்போதும் ஒரே மாதிரித்தான்: துகளை எப்போதும் பெரிதாகத் தேர்ந்தெடுப்போம், மரத்தை எப்போதும் குட்டையாக. பாக்கெட்டில் 'நைஸ்', 'நடுத்தரம்' என்று போட்டிருப்பதை நம்பாதீர்கள். ஒரு நிறுவனத்தின் நடுத்தரம் இன்னொன்றின் நைஸாக இருக்கும். மி.மீ. அளவு போட்டிருந்தால் அதைப் பாருங்கள், இல்லையென்றால் ஒரு சிட்டிகையை ஸ்கேல்பட்டையின் மேல் கொட்டிப் பாருங்கள்.

2. 30 செ.மீ. சோதனைப் பலகை

பெரிய அளவில் எதுவும் வாங்குவதற்கு முன், 30 × 30 செ.மீ. பிளைவுட் துண்டில் ஒரு சிறு நிலத்தை முழுதாகச் செய்து பாருங்கள். ஒரு துண்டு தண்டவாளம், ஒரு கரை, ஒரு கைப்பிடி அளவு பாறை, கொஞ்சம் புல். நீங்கள் பயன்படுத்தப்போகும் அதே ஃபோம், அதே பிளாஸ்டர், அதே பசை.

பலகையை லேஅவுட்டின், அதாவது தண்டவாளமும் நிலமும் சேர்ந்த முழு அமைப்பின், விளக்குக்கு அடியில் வைத்து இரண்டு நாள் கழித்துப் பாருங்கள். ஈரமாக இருக்கும்போது தெரியும் நிறம் பொய். பிளாஸ்டர் காய்ந்தால் வெளிறும், பசை ஏறிய மண் கறுக்கும், சில பசை பளபளக்கும். பகல் வெளிச்சத்தில் பொருத்தமாகத் தெரிந்த பழுப்பு, மஞ்சள் விளக்கில் செம்மண்ணாகத் தெரியலாம்.

இந்தப் பலகையிலிருந்தே அளவையும் கணக்கிடலாம். ஜல்லிப் பையைப் போடுவதற்கு முன்னும் பின்னும் எடை போடுங்கள். 30 செ.மீ. பாதைக்கு எவ்வளவு போனது என்று தெரிந்தால் மொத்தத் தேவை தெரியும். அதோடு ஐந்தில் ஒரு பங்கு கூட்டி ஒரே தடவையில் வாங்குங்கள். அடுத்த மாதம் வாங்கும் பையின் நிறம் மாறியிருந்தால் பாதையின் நடுவில் ஒரு கோடு விழும். எத்தனை பை வாங்கினாலும் முதலில் எல்லாவற்றையும் ஒரே பாத்திரத்தில் கொட்டிக் கலந்துவிடுங்கள்.

3. நிலவடிவம்: ஃபோமா, வலையா, தெர்மோகோலா

தண்டவாளம் பதித்து, மின் இணைப்பு கொடுத்து, ரயில் பல நாள் தடங்கல் இல்லாமல் ஓடிய பிறகே இதைத் தொடங்க வேண்டும். மலைக்குள் புதைந்த மோசமான இணைப்பைச் சரிசெய்ய மலையைத்தான் உடைக்க வேண்டியிருக்கும். லேஅவுட்டுக்குப் பின்னால் வானமாக நிற்கும் பின்திரைக்கும் இப்போதே வண்ணம் அடித்துவிடுங்கள். பிறகு மரங்களுக்கு மேல் கை நீட்டி அடிக்க வேண்டிவரும்.

உங்களிடம் உள்ள மிக நீளமான பெட்டியை எல்லா வளைவுகளிலும் தள்ளிப் பார்த்து, அது தொடும் எல்லையைப் பென்சிலால் குறியுங்கள். வளைவில் பெட்டியின் நடுப்பகுதி உள்பக்கமாகவும் முனைகள் வெளிப்பக்கமாகவும் பிதுங்கும். நேர்ப்பாதைக்குப் போதும் என்று விட்ட இடைவெளி வளைவில் போதாது. சுரங்க வாயிலில் இடிக்கும் பெட்டிகளில் பெரும்பாலானவை இந்தக் குறியைப் போடாததன் விளைவு.

பொருளைப் பொறுத்தவரை, முதல் தேர்வு அடர்த்தியான எக்ஸ்பிஎஸ் ஃபோம் பலகை. நீலம், இளஞ்சிவப்பு போன்ற நிறங்களில் வெப்பக் காப்புக்காக விற்கப்படுவது. 50 மி.மீ. தடிமனில் ஒரு சதுர மீட்டர் சுமார் ஒன்றரை கிலோதான். கத்தியால் சுத்தமாக வெட்டலாம், அரத்தால் தேய்க்கலாம், மரத்தண்டைக் குத்தி நிறுத்தலாம்.

வெள்ளைத் தெர்மோகோல் எளிதில் கிடைக்கும். ஆனால் வெட்டினால் மணி மணியாக உதிர்ந்து, நிலைமின்னால் கை, தண்டவாளம், இன்ஜின் என்று எல்லா இடத்திலும் ஒட்டிக்கொள்ளும். மலையின் உள்ளே நிரப்பப் பயன்படுத்துங்கள், செதுக்க வேண்டிய இடத்தில் வேண்டாம். அதை வெட்ட ஏற்றது சூடான கம்பி. எந்த ஃபோமைச் சூடான கம்பியால் வெட்டினாலும் ஜன்னலைத் திறந்து வையுங்கள். அந்தப் புகை மூச்சுக்கு ஆகாது.

பெரிய, உள்ளே வெற்றிடமான மலைக்கு அட்டைப் பட்டைகளைக் குறுக்கும் நெடுக்குமாகப் பின்னி, மேலே மாவுக்கட்டுத் துணி (பிளாஸ்டர் தூள் ஏற்றிய வலைத்துணி) போடுவது எடை குறைந்த வழி. கம்பிவலையும் ஆகும், ஆனால் வெட்டிய முனை கையைக் கிழிக்கும். பின்னால் அதில் மரம் நடத் துளை போடுவதும் சிரமம்.

சுரங்கத்துக்குள் கை போகும் வழி கட்டாயம் வேண்டும். மலையைத் தூக்கி எடுக்கும்படி செய்யலாம், பின்பக்கம் திறந்து விடலாம். ரயில் தடம் புரள்வது எப்போதும் கை எட்டாத இடத்தில்தான்.

4. பசை: இங்கேதான் பெரும்பாலான பொருட்கள் வீணாகின்றன

எக்ஸ்பிஎஸ், தெர்மோகோல் இரண்டும் பாலிஸ்டைரீன். அசிட்டோன், தின்னர், கரைப்பான் கலந்த காண்டாக்ட் பசை, சாதாரண ஸ்பிரே பெயின்ட், பாலியஸ்டர் ரெசின் எல்லாம் அதைத் தின்றுவிடும். சாதாரண உடனொட்டிப் பசையும் அப்படித்தான். மேலே ஒரு அடுக்கு பிளாஸ்டர் இருக்கிறதே என்று நினைக்காதீர்கள், ஒரு சிறு விரிசல் போதும். ஃபோமுக்கு ஏற்றது என்று குறிப்பிட்டிருப்பதை, அல்லது தண்ணீரில் கரையும் பசையை மட்டுமே பயன்படுத்துங்கள். சந்தேகமிருந்தால் வெட்டித் துண்டில் ஒரு சொட்டு விட்டு பத்து நிமிடம் பொறுங்கள்.

வெள்ளை மரப்பசை, அதாவது பிவிஏ, ஃபோமைத் தின்னாது. ஆனால் இரண்டு அகலமான ஃபோம் பலகைகளுக்கு நடுவே பூசினால் ஓரம் மட்டும் காயும். நடுவில் காற்றுப் போக வழியில்லாமல் வாரக்கணக்கில் ஈரமாகவே இருக்கும். அங்கே ஃபோமுக்கான கட்டுமானப் பசையைக் கோடு கோடாக இட்டு, மூங்கில் குச்சியால் குத்தி நிறுத்தி, மேலே பாரம் வையுங்கள். குச்சியை ஃபோம் மட்டத்துக்குக் கீழே அழுத்திவிடுங்கள், அல்லது காய்ந்ததும் எடுத்துவிடுங்கள். சூட்டுப் பசைத் துப்பாக்கி என்றால் குறைந்த வெப்ப வகை. அதிக வெப்பத்தில் ஃபோமில் குழி விழும்.

மண், ஜல்லி, புல்லுக்கெல்லாம் காய்ந்ததும் நிறமற்றுப் போகும் வெள்ளைப் பிவிஏ போதும். மஞ்சள் மரப்பசை வேண்டாம், அதன் நிறம் தங்கும். பளபளப்பு கண்ணை உறுத்தும் இடத்தில், குறிப்பாகச் சாலையோரத்திலும் வெறும் மண்ணிலும், பிவிஏக்குப் பதில் மேட் அக்ரிலிக் மீடியம், அதாவது காய்ந்தால் பளபளக்காத, நிறம் சேர்க்காத அக்ரிலிக் கூழ்.

நீர் எதிர்ப்பு வகை பிவிஏயை ஜல்லிக்குப் பயன்படுத்தாதீர்கள். சாதாரண வகை மறுபடி நனைத்தால் இளகும். பின்னால் ஒரு பாயிண்ட்ஸை (பாதை இரண்டாகப் பிரியும் தண்டவாளத் துண்டை) மாற்ற நேர்ந்தால் தண்ணீர் விட்டு நெகிழ்த்தி முழுதாக எடுக்கலாம். நீர் எதிர்ப்பு வகையில் உடைத்துத்தான் எடுக்க வேண்டும்.

5. மேல்தோல்

தண்டவாளம் முழுவதையும் மறைப்பு நாடாவால் மூடுங்கள். சிந்திய பிளாஸ்டரை ஈரமாக இருக்கும்போதே துடைக்கலாம் என்று தோன்றும். பாயிண்ட்ஸுக்குள் போனது திரும்பி வராது. பூச்சு எதுவும் இல்லாத பிளைவுட் என்றால் இரண்டு பக்கமும் ஒரு பூச்சு வண்ணம் அடித்துவிடுங்கள். ஒரு பக்கம் மட்டும் ஈரம் குடித்தால் பலகை வளையும், பாதையும் அதோடு வளையும்.

மாவுக்கட்டுத் துணியைச் சிறு துண்டுகளாக வெட்டி, தண்ணீரில் ஒரு கணம் முக்கி, மூன்றில் ஒரு பங்கு ஒன்றன்மேல் ஒன்று ஏறும்படி போடுங்கள். இரண்டு அடுக்கு வேண்டும். ஒரு அடுக்கு காய்ந்ததும் உறுதியாகத்தான் தெரியும், ஆனால் மரம் நட விரலால் அழுத்தினால் உடையும். போட்ட உடனே ஈரக் கையால் தேய்த்துத் துணியின் துளைகளை அடைத்துவிடுங்கள்; விட்டுவிட்டால் வண்ணம் அடித்த பிறகும் வலைக்கண் தெரியும். மேற்பரப்பு ஒரு சதுர மீட்டர் என்றால் இரண்டு அடுக்குக்கும் ஏறிய ஓரங்களுக்கும் சேர்த்து மூன்று சதுர மீட்டர் துணி வாங்குங்கள். சரிவான மலையின் மேற்பரப்பு அதன் தரைப்பரப்பைவிடப் பெரியது என்பதையும் கணக்கில் வையுங்கள்.

திட ஃபோமில் துணி தேவையில்லை. ஜிப்சமும் காகிதக்கூழும் கலந்த கலவையை 3 முதல் 5 மி.மீ. கனத்தில் பூசினால் போதும். கூழ் இருப்பதால் விரிசல் குறையும், வேலை செய்ய நேரமும் கூடும். வெறும் பிளாஸ்டரை 5 மி.மீ. பூசினால் காய்ந்த பிறகும் சதுர மீட்டருக்கு ஐந்தாறு கிலோ ஏறும். இடம் மாற்றும் லேஅவுட்டுக்கு இது ஆகாது.

பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் கலக்கும்போது தண்ணீரில் மாவைத் தூவுங்கள், மாவில் தண்ணீரை ஊற்றாதீர்கள். ஊற்றினால் கட்டி தட்டும். கன அளவில் இரண்டு பங்கு மாவுக்கு ஒரு பங்கு தண்ணீர் தொடக்கத்துக்குச் சரி. முந்தைய கலவை ஒட்டிய பாத்திரம் வேண்டாம்: அந்தப் பழைய துகளே புதியதைச் சீக்கிரம் இறுக வைக்கும். நிதானமாக வேலை செய்ய வேண்டுமென்றால் தண்ணீரில் சில சொட்டு வினிகர். இறுகும்போது பிளாஸ்டர் சூடாகும், அதனால் கையை உள்ளே வைத்து அச்சு எடுக்கவே கூடாது. மிச்சத்தைத் தொட்டிக் குழாயில் ஊற்றினால் குழாய் அடைக்கும். பாத்திரத்திலேயே இறுகவிட்டு உடைத்துக் குப்பையில் போடுங்கள்.

6. பாறையும் அடிவண்ணமும்

ரப்பர் அல்லது சிலிக்கோன் அச்சில் வார்த்த பிளாஸ்டர் பாறைதான் கிட்டத்தில் நின்று பார்க்கும் இடத்துக்குச் சிறந்தது, ஏனென்றால் வண்ணத்தை உறிஞ்சும். மரப்பட்டை அருமையான வடிவம் தரும், ஆனால் முதலில் நன்கு காயவைத்துப் பூச்சி இல்லை என்று உறுதிசெய்யுங்கள். செதுக்கிய எக்ஸ்பிஎஸ் தொலைவுக்குப் போதும். ஒரே அச்சை ஒரே திசையில் பக்கத்துப் பக்கத்தில் ஒட்டாதீர்கள். திருப்பி ஒட்டும்போதும் பாறை அடுக்குகளின் சாய்வு ஒத்துப்போக வேண்டும். அடுக்கு ஒரு துண்டில் கிடையாகவும் அடுத்ததில் செங்குத்தாகவும் ஓடினால் ஒட்டுவேலை பளிச்சென்று தெரியும்.

வண்ணத்தைத் தண்ணீர் போல நீர்த்து, வெளிர் நிறத்தில் தொடங்குங்கள். பிளாஸ்டர் உறிஞ்சிய நிறத்தைத் திரும்ப எடுக்க முடியாது, அடர்த்தியாக்குவது எப்போதும் முடியும். கடைசியில் நீர்த்த கருமையைப் பள்ளங்களில் ஓடவிட்டு, முகடுகளில் ஏறக்குறைய காய்ந்த தூரிகையால் வெளிர் நிறத்தைத் தடவுங்கள்.

மற்ற தரை முழுவதும் மேட் அக்ரிலிக் மண்நிறம். பச்சை அடிக்காதீர்கள். புல்லின் நடுவே இடைவெளி தெரியும்போது அங்கே மண் தெரிய வேண்டும், பச்சைச் சுவர் தெரியக் கூடாது. வெள்ளையாக எங்கும் விட்டுவைக்க வேண்டாம். ஒரு சிறு உடைப்பும் பனிப்பொட்டுப் போல் தெரியும்.

7. மண்

உண்மையான மண்ணைப் போல எந்த வண்ணமும் அமையாது. அடுப்பில் 100 டிகிரி செல்சியஸுக்குச் சற்று மேலே ஒரு மணி நேரம் சூடாக்கினால் விதையும் பூச்சியும் அழியும். பிறகு முதலில் டீ வடிகட்டியில், அடுத்து நைலான் துணியில் சலித்து இரண்டு பருமனாகப் பிரியுங்கள். நைஸானது பாதைக்கும் வயலுக்கும், சற்றுப் பெரியது மலைச்சரிவுக்கு. பசை பட்டால் கறுக்கும் என்பதால் உங்களுக்கு வேண்டியதைவிட வெளிர்ந்த மண்ணை எடுங்கள்.

சலித்த மண்ணில் பிளாஸ்டிக் உறையிட்ட காந்தத்தை நன்றாகத் துழாவுங்கள். காந்தத்தில் ஒட்டும் கருந்துகள்கள் தண்டவாளத்தருகே இருந்தால் இன்ஜின் மோட்டாரின் காந்தம் அவற்றை இழுத்துக்கொள்ளும், மோட்டார் கெடும். கடல் மணலில் உப்பு இருக்கும், உலோகம் துருப்பிடிக்கும். பல தடவை நல்ல தண்ணீரில் கழுவாமல் அதைப் பாதைக்கு அருகில் கொண்டுவராதீர்கள்.

8. ஜல்லி

நேரம் அதிகம் பிடிப்பதும் அவசரப்பட்டால் அதிகம் கெடுவதும் இந்த வேலைதான்.

அரைத்த கல், அரைத்த கொட்டை ஓடு என்று இரண்டு வகை கிடைக்கும். ஓடு எடை குறைந்தது, பரப்ப எளிது, ஆனால் பசை விட்டதும் மிதந்து சிலிப்பர் கட்டை மேல் ஏறும். கல் கனமானது, போட்ட இடத்தில் நிற்கும். கல்லையே வாங்குங்கள், காந்தச் சோதனையை இதற்கும் செய்யுங்கள்.

தண்டவாளப் பக்கங்களுக்குத் துருநிறம் அடிப்பது ஜல்லிக்கு முன்னால். பின்னால் அடித்தால் ஜல்லியும் துருப்பிடிக்கும்.

சிறு கரண்டியால் நடுவில் ஒரு கோடாகக் கொட்டி, மென்மையான தூரிகையால் பரப்புங்கள். தூரிகையின் கட்டைப் பக்கத்தால் தண்டவாளத்தை மெல்லத் தட்டினால் சிலிப்பர் மேல் நிற்கும் துகள்கள் தாமாகவே இடைவெளிக்குள் இறங்கும். ஜல்லி மட்டம் சிலிப்பரின் மேல்மட்டத்துக்குக் கீழே நிற்க வேண்டும். தண்டவாளத்தின் உட்பக்கம் ஒட்டிய ஒரே ஒரு துகள் சக்கர விளிம்பைத் தூக்கிவிடப் போதும். பசை விடுவதற்கு முன் கீழே குனிந்து, விளக்கைப் பக்கவாட்டில் பிடித்துப் பாருங்கள். இப்போது ஊதித் தள்ளக்கூடிய துகள், நாளை கத்தியால் செதுக்க வேண்டிய துகள்.

அடுத்து நனைத்தல். பலர் தாண்டிப்போவது இதைத்தான். காய்ந்த ஜல்லியில் பசைச் சொட்டு விழுந்தால் உள்ளே இறங்காமல் மணியாக உருண்டு, துகள்களையும் அள்ளிக்கொண்டு குழி பறிக்கும். மின்சாரத்தை நிறுத்திவிட்டு, ஓரிரு சொட்டு பாத்திரம் கழுவும் திரவம் கலந்த தண்ணீரை மேலிருந்து மூடுபனி போலத் தெளியுங்கள். தெளிப்பானை நேராகப் பிடித்தால் வேகத்தில் ஜல்லி பறக்கும். தண்ணீருக்குப் பதில் 70 சதவீத ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலும் நன்றாக ஊடுருவும், ஆனால் அது எளிதில் தீப்பிடிப்பது. ஜன்னல் திறந்திருக்க வேண்டும், தீயோ பொறியோ பக்கத்தில் இருக்கக் கூடாது.

ஈரமாக இருக்கும்போதே, ஒரு பங்கு பிவிஏக்கு ஒரு பங்கு தண்ணீர், சில சொட்டு அதே திரவம் கலந்த பசையைச் சொட்டுக்குழாயால் விடுங்கள். முதலில் தண்டவாளங்களுக்கு நடுவில், பிறகு ஓரங்களில். பால் போல ஓரத்தில் கசியும் வரை விட வேண்டும். குறைவாக விட்டால் மேலே மட்டும் ஓடு போல இறுகி, அடியில் தளர்ந்த துகள் தங்கும். 24 மணி நேரம் தொடாதீர்கள். இடையில் விரலால் சோதித்தால் அந்த இடத்தை மறுபடி செய்ய வேண்டிவரும்.

பாயிண்ட்ஸில் முறையே வேறு. ரயிலைத் திருப்பிவிடும் நகரும் கத்திகளுக்கும் (கூர்முனைத் தண்டவாளங்கள்) அவற்றை நகர்த்தும் இழுவைக் கம்பிக்கும் அருகில் ஜல்லி போடாமல் அதே நிற வண்ணம் அடித்து விடுங்கள். மற்ற பகுதியில் துகள்களைக் கிட்டத்தட்ட எண்ணிப் போட்டு, பசையை ஒற்றைச் சொட்டாக விடுங்கள். காயும் வரை சில நிமிடத்துக்கு ஒரு முறை கத்தியை இருபக்கமும் நகர்த்துங்கள்.

பிவிஏ கல்லாக இறுகுவதால் ரயில் சத்தம் பலகைக்கு இறங்கி அதிரும். சத்தம் முக்கியம் என்பவர்கள் காய்ந்தாலும் நெகிழ்வாக இருக்கும் ரப்பர்பால் பசையைச் சோதனைப் பலகையில் முயன்று பார்க்கலாம்.

9. புல், புதர், மரம்

நிலைமின் புல் என்பது கைக்கருவியால் தூவும்போது நிலைமின் விசையால் பசையில் நிமிர்ந்து நிற்கும் இழைகள். அவை 2, 4, 6, 12 மி.மீ. நீளங்களில் வருகின்றன. 1:87-ல் 2 மி.மீ. என்பது 17 செ.மீ. புல், 12 மி.மீ. என்பது ஒரு மீட்டருக்கு மேல். ஒரே நீளம், ஒரே நிறம் போட்டால் தரைவிரிப்பு மாதிரி ஆகும். முதலில் 2 மி.மீ. போட்டு, பசை காய்ந்ததும் 4 மி.மீ. திட்டுத்திட்டாக, பச்சையோடு வைக்கோல் நிறமும் கலக்க வேண்டும்.

கருவியின் இணைப்புக் கம்பியை ஈரப் பசைக்குள் குத்திய ஆணியில் மாட்டுங்கள். இணைப்பு இல்லாவிட்டால் இழை நிமிராமல் படுத்துவிடும். பசை தோல் பிடிக்கத் தொடங்கினாலும் அதேதான், அதனால் ஒரு தடவைக்கு உள்ளங்கை அகலத்துக்கு மேல் பூசாதீர்கள். கருவியை 2 முதல் 5 செ.மீ. உயரத்தில் பிடித்து ஆட்டி, காய்ந்ததும் மிச்சத்தைத் துணி கட்டிய தூசி உறிஞ்சிக் குழாயால் எடுத்து மறுபடி பயன்படுத்தலாம். உயர் மின்னழுத்தக் கருவி இது. தண்டவாளத்தில் மின்னணுச் சாதனம் உள்ள இன்ஜின் எதையும் நிறுத்தி வைக்காதீர்கள்.

புதருக்கு ஸ்பாஞ்சுத் தூள். சாயமேற்றிய மரத்தூள் எளிதில் கிடைத்தாலும் சீக்கிரம் வெளிறும். பதப்படுத்திய லைக்கன் (கற்பாசி) காலப்போக்கில் காய்ந்து நொறுங்கும், ஆகவே பின்வரிசைக்கு.

மரத்துக்கு முறுக்கிய கம்பித் தண்டு உறுதியானது, கிளையை வேண்டியபடி வளைக்கலாம். காய்ந்த செடிக் கொத்துகளின் கிளைநுணுக்கம் கம்பியில் வராது, ஆனால் எளிதில் ஒடியும்; ஈரக்காற்று உள்ள அறையில் பூஞ்சை பிடிக்கும். இரண்டையும் கலந்து, முன்வரிசைக்கு நல்ல மரம் பத்து, பின்வரிசைக்குச் சிறியதாக, வெளிர்ந்ததாக நிறைய. பின்னால் மரம் சிறுத்தால் ஆழம் கூடும். ஜன்னல் வெயில் நேராகப் படும் இடத்தில் எந்தச் சாயமும் நிலைக்காது; திரை போடுங்கள்.

10. நீர்

தூசி பறக்கும் எல்லா வேலையும் முடிந்த பிறகு. ஆற்றுப்படுகைக்கு வண்ணமும் கூழாங்கல்லும் முன்பே முடிந்திருக்க வேண்டும், ஏனென்றால் ஆழம் என்று கண்ணுக்குத் தெரிவது அடியில் அடித்த நிறம்தான்: நடுவில் அடர்ந்து, கரையில் மண்நிறமாக வெளிற வேண்டும்.

சிறு குட்டைக்குப் பளபளப்பு அக்ரிலிக் மீடியம் போதும். ஒரு தடவைக்கு 2 மி.மீ.க்கு மேல் ஊற்றினால் உள்ளே வெள்ளையாகத் தங்கிவிடும். ஆழமான நீருக்கு இரண்டு பாக எபாக்சி ரெசின். அதன் விகிதம் எடையா, கன அளவா என்று பாட்டிலில் பாருங்கள். கண்மதிப்பில் கலந்தால் ஒட்டும் பிசினாகவே நின்றுவிடும். அதிகக் கனமாக ஊற்றினால் இறுகும் சூட்டில் விரிசல் விழும், அடியிலுள்ள ஃபோமும் உருகும், அதனால் 3 மி.மீ. அடுக்குகளாக, பாட்டிலில் சொன்ன இடைவெளி விட்டு ஊற்றுங்கள். கையுறை போடுங்கள்.

ரெசின் ஊசிமுனைத் துளையிலும் ஒழுகும். படுகையை முன்னதாகவே இரண்டு பூச்சு அக்ரிலிக் மீடியத்தால் அடைத்து, பலகை ஓரத்தில் தடுப்பு வைத்து, முதலில் தண்ணீர் விடாமல் மிக மெல்லிய ரெசின் அடுக்கு ஒன்றை ஊற்றிச் சோதியுங்கள். கரையில் புல்லைத் தொட்டால் ரெசின் இழை வழியே மேலேறி ஈரக் கறை போடும். கரையோரப் புல்லை மட்டும் ரெசின் முழுதாக இறுகிய பிறகு ஒட்டுங்கள். ஊற்றியதும் ஒரு பெட்டியைக் கவிழ்த்து மூடி, ஒரு நாள் முழுக்க அந்தப் பக்கம் துடைப்பமோ மின்விசிறியோ வேண்டாம்.